மூன்று கிண்ணங்களும் ஒரு விரல் கிரீஸும்

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னதும் ஊரில் பாதிப் பேர் டி.வி.யை அணைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடற்கரையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நனைந்தவரும் வேனில் ஏறிவிடுவார். எங்கள் பக்கத்துக்கு அப்போதுதான் அது கிளம்பி வரும். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் கடல் கிடையாது. கடல் இல்லாத ஊருக்குப் புயலும் கிடையாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நாங்களும்தான். ஆனால் கடலூர்ப் பக்கம் கரையேறுகிற புயல் அங்கேயே செத்துப்போவதில்லை. மீன்சுருட்டி வழியாக உள்ளே வந்து, சுண்ணாம்புக்கல் காட்டைத் தாண்டி, வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையில் போய் முட்டுகிறவரை அதற்கு உயிர் இருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கும் என்று முன்கூட்டிச் சரியாகச் சொல்லத்தான் ஆளில்லை. கடலில் இருக்கும்வரை அதைக் கவனிக்கச் செயற்கைக்கோள் உண்டு, ரேடார் உண்டு, மிதவைகள் உண்டு. தரைக்கு வந்த பிறகு அதன் பின்னால் போகிற வேலைக்கு ஒருவனை வைத்தார்கள். அது நான்.

பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குப் புயலைப் பற்றி எதுவும் தெரியாது. டிப்ளமா முடித்துவிட்டுச் செல்போன் டவர் ஏறிக்கொண்டிருந்தேன். உயரத்துக்குப் பயப்படாதவன், பைக் வைத்திருப்பவன், இந்த இரண்டு மாவட்டத்திலும் சந்து பொந்து தெரிந்தவன் என்பதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். எடுத்தவர் ஒரு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி. நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். புயல் தரையில் எவ்வளவு வேகமாக இளைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. மழையில் ஊறிக் கிடக்கிற தரை அதற்குத் தீனி போடுகிறதா, காய்ந்த தரை அதைச் சீக்கிரம் கொல்கிறதா, மலை என்ன செய்கிறது என்று பல வருடமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு சரியா என்று பார்க்க நிஜக் காற்றை அளந்தாக வேண்டும். அதற்காகக் கிழக்கிலிருந்து மேற்காக நான்கு கம்பங்கள் நட்டோம். மீன்சுருட்டியில் ஒன்று, ஆலத்தியூர்ப் பக்கம் ஒன்று, பெரம்பலூரில் ஒன்று, வேப்பந்தட்டையில் ஒன்று.

கம்பத்தின் உச்சியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் ஒரு தண்டில் சுற்றும். காற்று எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாகச் சுற்றும். அதுதான் காற்றுமானி. கீழே மழையை அளக்க ஒரு டப்பா, ஒரு பேட்டரி, ஒரு சோலார் தகடு, போனில் போடுகிற மாதிரி ஒரு சிம். நிமிடத்துக்கு ஒருமுறை, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர், மழை எவ்வளவு என்கிற எண்கள் பெரம்பலூரில் நான் உட்கார்ந்திருக்கும் வாடகை அறையின் கம்ப்யூட்டருக்கு வரும். அதே நேரத்தில் மேடத்துக்கும் போகும். நடுவில் ஒரு மணி நேரம் எண் வராவிட்டால் மேடம் போன் செய்துவிடுவார். திட்டமாட்டார். "என்னாச்சுங்க?" என்பார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

ஆலத்தியூர்ப் பக்கத்துக் கம்பத்தைப் பள்ளிக்கூட மாடியில் வைக்கத்தான் கேட்டோம். இடி விழும் என்று சொல்லி விடவில்லை. கடைசியில் என் அக்கா வீட்டு மாடியில் வைத்தோம். எங்கள் அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டே காலத்தை ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் முதல் மாடி வீடு அக்காவுடையது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், லாரிகள் போகிற ரோட்டோரம் ஒரு பெரிய புளியமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டுப் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவர்தான், "நம்ம வூட்டு மேல வச்சுக்க மாப்ள, யாரையும் கெஞ்சாத" என்றார். கம்பம் நின்றதும் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வூட்டு மேல ஆபீஸ் இருக்கு, பாத்தீங்களா?" என்று காட்டுவார். என்னைக் கூப்பிட்டால் "காத்துப் புடிக்கிறவரே" என்பார். அவரும் காற்று பிடிக்கிற ஆள்தான். மீட்டர் இருந்தும் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் காற்று போதும் என்று சொல்வார். அநேகமாகச் சரியாக இருக்கும்.

அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகும். வெயில் காலத்தில் துணி காயப்போட்டால் வெள்ளைப் பூச்சோடுதான் எடுக்க வேண்டும். அந்தத் தூசி காற்றுமானியின் பேரிங்கிலும் புகுந்தது. மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் அது கிறீச்சிட ஆரம்பித்தது.

"இது கத்துதுடா தம்பி," என்றாள் அக்கா, நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "காத்து அடிச்சாப் போதும், எலி கத்துறாப்பல கீச்சு கீச்சுங்குது. புள்ளைங்க ரெண்டும் படிக்க முடியலங்குதுங்க. எனக்கும் தலவலி. எதாவது பண்ணு, இல்ல கழட்டிட்டுப் போ."

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். கருவியோடு வந்த புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. பேரிங்கில் எண்ணெயோ கிரீஸோ வைக்கக்கூடாது, சத்தம் வந்தால் கழற்றி மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வைத்திருந்த ஒன்றை வேப்பந்தட்டையில் குரங்கு ஒடித்த கிண்ணங்களுக்குப் பதிலாக மாட்டிவிட்டேன். புதியது வர வாரக் கணக்கில் ஆகும். அதுவரை கம்பம் மொட்டையாக நிற்கும். மழைக்காலத்தில் எண் வராவிட்டால் மேடம் "என்னாச்சுங்க?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு மாமாவிடம் சொன்னேன்.

மாமா சிரித்தார். "இதுக்கா இவ்ளோ ரோசன? சுத்துற எதுக்கும் கிரீஸ் வைக்கணும் மாப்ள. நீ டிப்ளமா படிச்சு என்ன பிரயோசனம்?"

எங்கள் பக்கத்தில் அது வேதவாக்கு. சைக்கிள், மோட்டார், கிணற்று ராட்டினம், மாவு மெஷின், எது சுற்றினாலும் கிரீஸ். வைக்காதவன்தான் சோம்பேறி. அவர் கடையிலிருந்து கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்தார். இருவரும் மாடி ஏறினோம். நான் கம்பத்தைச் சாய்த்துப் பிடித்துக் கிண்ணங்களைச் சுற்றிவிட்டேன். அவர் ஆள்காட்டி விரலில் ஒரு தோண்டு தோண்டித் தண்டின் அடியில் தடவினார். சத்தம் நின்றது. கிண்ணங்கள் வழுக்கிக்கொண்டு சுற்றின. அக்கா கீழேயிருந்து, "நின்னுடுச்சு, நின்னுடுச்சு" என்றாள். மூவரும் டீ குடித்தோம். அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் விதியை மீறியது தெரிந்துவிடும்.

எவ்வளவு சாதாரணமான ஒரு மத்தியானம் அது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்துப் புயல் வந்தது. விடியற்காலையில் கரையேறியது. காலை ஒன்பது மணிக்கு மேல் மீன்சுருட்டிக் கம்பத்தின் எண்கள் ஏற ஆரம்பித்தன. நான் பெரம்பலூர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேடம் போனில் இருந்தார். நான்கு கம்பங்களும் நிற்கும்போது வந்த முதல் பெரிய புயல். அவர் குரலில் பரீட்சை எழுதப் போகிற பெண்ணின் படபடப்பு இருந்தது. மீன்சுருட்டியில் முந்திரித் தோப்புகள் சாய்கின்றன என்று அங்கிருந்து தகவல் வந்தது. எண்ணும் அதையே சொன்னது. ஆலத்தியூர்ப் பக்கத்து எண் கொஞ்சம் ஏறியது. பிறகு ஒரே இடத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்கக்கூடாது. அக்கா வீட்டுப் பக்கம் வருவதற்குள் புயல் இளைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

பதினொரு மணி வாக்கில் மாமா போன் செய்தார்.

"மாப்ள, கடையில தகரம் தூக்குதாம். எதுத்தாப்ல டீக்கடைக்காரரு போன் பண்ணாரு. கம்ப்ரசரு நனைஞ்சா மோட்டாரு போயிடும். ஒரு எட்டுப் போயி கயிறு போட்டுக் கட்டிட்டு வந்துடறேன். உன் மெஷின்ல காத்து எவ்ளோ காட்டுது?"

"முப்பத்திரெண்டு காட்டுது மாமா. எறங்கிக்கிட்டே இருக்கு."

"முப்பத்திரெண்டா? அதுல பைக்கே ஓட்டலாமே. இங்க சத்தம் வேற மாதிரில்ல இருக்கு."

"சத்தத்த வச்சு சொல்ல முடியாது மாமா. மெஷினு பொய் சொல்லாது."

"உங்கக்கா வேணாங்குது."

"அக்கா எதுக்குத்தான் வேணாங்கல? போயிட்டு வாங்க மாமா."

"அப்பச் சரி, போயிட்டு வரேன்," என்று போனை வைத்தார்.

டயரைக் கட்டை விரலால் அழுத்தியே காற்றைச் சொல்லிவிடுகிற மனிதர். அன்றைக்குத் தன் காதை நம்பாமல் என்னை நம்பினார்.

அரை மணி நேரம் கழித்து டீக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். புளியமரத்தின் பெரிய கிளை ஒன்று கொட்டகை மேல் விழுந்துவிட்டது, உங்க மாமா உள்ளே இருக்கிறார் என்பதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு லைன் அறுந்தது. மறுபடி போட்டால் போகவில்லை. கம்ப்யூட்டரில் ஆலத்தியூர்ப் பக்கத்து எண் இருபத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் பெரம்பலூரிலேயே காற்று வந்துவிட்டது. ஜன்னல் கதவு அடித்துக் கண்ணாடி உடைந்தது. பெரம்பலூர்க் கம்பத்தின் எண் அறுபதைத் தாண்டி ஏறியது. கிழக்கே இருக்கிற ஊரைத் தாண்டித்தான் அந்தக் காற்று இங்கே வர வேண்டும். அங்கே இருபத்தெட்டாக இருந்தது இங்கே எப்படி அறுபது ஆகும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ரோடெல்லாம் மரம். வெட்டி வழிவிட விட, பைக்கைத் தள்ளியும் தூக்கியும் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அவரை வெளியே எடுத்திருந்தார்கள். கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு முடிச்சுப் போட்டு அடுத்த முடிச்சுப் போடுவதற்குள் கிளை விழுந்திருக்கிறது. மறுநாள் குளிப்பாட்டும்போது நானும் தண்ணீர் ஊற்றினேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. யாரோ சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். விடுங்க, அது அவரு தொழிலு, என்று டீக்கடைக்காரர் சொன்னார். அந்த ஆள்காட்டி விரலை நான் பார்க்கவில்லை. அப்போது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து, "அந்தக் காத்துல எவனாவது வெளிய போவானா? ஒரு கம்ப்ரசருக்கா உசுர வுடறது?" என்று பேசிக்கொண்டார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் அழுகையை நிறுத்திவிட்டு ஒரே பதிலைச் சொன்னாள்.

"அவரு கிறுக்கன் இல்லீங்க. கேட்டுட்டுத்தான் போனாரு. எந்தம்பி மெஷினப் பாத்துத்தான் சொன்னான். அப்பக் காத்து கொறஞ்சுதான் இருந்துச்சு. அவரு போன பொறவுதான் ஏறிடுச்சு. இவன் என்ன பண்ணுவான்?"

இதைச் சொல்லி என் கையை வேறு பிடித்துக்கொள்வாள். பதினாறு நாளும் அதைக் கேட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கூட்டம் பிடிக்காமல் மாடிக்கு ஏறினேன். நல்ல காற்று. பக்கத்து வீட்டு வேப்பமரம் கிளையோடு ஆடியது. கொடியில் கிடந்த துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. என் தலைக்கு மேல் மூன்று கிண்ணங்களும் ஆற அமரச் சுற்றிக்கொண்டிருந்தன. கம்பத்தைச் சாய்த்தேன். தண்டின் அடியில் விரல் வைத்தேன். ரோட்டுத் தூசி அவ்வளவும் கிரீஸில் ஒட்டி, மழையில் ஊறி, வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு காய்ந்துபோன பதத்தில் இறுகியிருந்தது. வறண்ட பேரிங்காக இருந்தபோது தூசி உள்ளே போயிருக்கும், வெளியேயும் வந்திருக்கும். கிரீஸ் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. கிறீச்சிட்டுக்கொண்டே உண்மையைச் சொன்ன ஒன்றை நாங்கள் சத்தமில்லாமல் பொய் சொல்ல வைத்திருந்தோம்.

மாடியில் அப்படியே உட்கார்ந்தேன். கீழே பாயசம் கேட்டு யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பெரம்பலூருக்கு எடுத்துப் போனேன். அதற்குள் புதியது வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டாண்டு ஃபேனைப் போட்டேன். புதியது பறந்தது. பழையது அதில் பாதிகூடக் காட்டவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன், ஏதோ நான்காம் முறை மாறிவிடும் என்பது போல. பிறகு பழையதைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். புதியதைக் கொண்டுபோய் மாட்டினேன். பதிவேட்டில் "வழக்கமான மாற்றம்" என்று எழுதினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, போன உயிர் வருமா என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். கோழைகள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

அடுத்த மாதம் மேடம் பெரம்பலூர் வந்தார். லேப்டாப்பில் அந்த நாளின் கோட்டை வரைந்து காட்டினார். மீன்சுருட்டியில் உயரமாக இருந்த கோடு ஆலத்தியூர்ப் பக்கத்தில் தொப்பென்று விழுந்து, பெரம்பலூரில் மறுபடி எழுந்து, வேப்பந்தட்டையில் மெல்ல இறங்கியது.

"இந்தப் பள்ளத்தப் பாத்தீங்களா?" என்றார். "எந்தக் கணக்குலயும் இது வரல. அந்த ஸ்டேஷன்ல கருவிக்கு எதாவது பிரச்சின இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க மேடம்."

"எண்ணெய், கிரீஸ், அந்த மாதிரி எதுவும்?"

"இல்லீங்க."

அவர் என்னை நம்பினார். நம்பியதால் வேறு காரணம் தேட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் முழுவதும் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள். தரை மேடும் பள்ளமுமாக இருப்பது தரையை ஒட்டிய காற்றை அடக்குகிறதோ என்று நினைத்தார். படங்களைப் பார்த்தார், குழிகளின் ஆழத்தைக் கேட்டு வாங்கினார், புதிய கணக்குப் போட்டார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது முகம் பூரித்திருந்தது.

"இது சரின்னா பெரிய விஷயங்க. முன்னறிவிப்புக் கணக்குலயே இதச் சேத்துடலாம். அடுத்த புயலுக்கு எந்தெந்த ஊருக்குக் காத்து கொறையும்னு முன்னாடியே சொல்லிடலாம். உங்க அக்கா ஊருகூட அதுல வரும்."

நான் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் வெகுநேரம் நின்றேன். அடுத்த புயலில் யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து கேட்பார், காற்று எவ்வளவு என்று. குறைவுதான், போயிட்டு வாங்க என்று இந்த முறை நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கே சொல்லிவிடும். டீ வாங்காமல் திரும்பி வந்தேன். பீரோவைத் திறந்து துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து மேடம் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"இதுல கிரீஸ் வச்சிருந்துச்சுங்க மேடம். புயலுக்கு முன்னாடியே."

அவர் அதைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். முகத்திலிருந்து பூரிப்பெல்லாம் வடிந்துபோனது. அதை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார், "யார் வச்சது?"

"எங்க மாமாங்க. அக்கா வீட்டுக்காரர்."

வாயில் அதுதான் வந்தது. கம்பத்தைச் சாய்த்துப் பிடித்தவன் நான், கிண்ணத்தைச் சுற்றிவிட்டவன் நான், கட்டம் கட்டிய வரியைப் படித்தவன் நான். வாயில் மாமாதான் வந்தார். மேடம் அதை அப்படியே லேப்டாப்பில் எழுதிக்கொண்டார், வீட்டு உரிமையாளர் கிரீஸ் பூசியதாக.

"எப்ப வச்சாரு, எவ்ளோ வச்சாருன்னு தெரியணுமே. அவர்கிட்ட ஒரு வார்த்த பேசலாங்களா?"

"அவர் இல்லீங்க மேடம்."

"வெளியூருக்குப் போயிருக்காரா?"

"இறந்துட்டாருங்க. அந்தப் புயல் அன்னிக்குத்தான். நம்ம எண்ணப் பாத்துட்டு நான்தான் வெளிய போகச் சொன்னேன்."

புயலுக்குப் பிறகு லீவு கேட்டபோது வீட்டில் ஒரு துக்கம் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான்: "அந்தப் புயல்ல எனக்கு முக்கியமா வேண்டியிருந்ததே அந்த ஊரு எண்தாங்க." அன்றைக்கே அந்த எண்களை எல்லாம் நீக்கினார். குழிகள் பற்றிய கணக்கையும் தூக்கிப் போட்டார். கோப்பில் அந்தக் காலை நேரத்துக்கு நேராக இப்போது வெற்றுக் கட்டங்கள்தான் இருக்கின்றன. அன்றைக்கு அந்த ஊரில் காற்று எவ்வளவு அடித்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மாமாவைக் கொன்ற காற்றுக்கு எண் இல்லை.

மேடத்திடம் சொன்ன பிறகு அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். பிள்ளைகள் இருவரும் டியூஷன் போயிருந்தார்கள். கடைச் சாமான்களை விற்பதற்காக அக்கா அவற்றை வாசலில் பரப்பி ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். டியூப், ஜாக்கி, லிவர், ரப்பர் ஒட்டுகிற பசை டப்பா. அந்தக் கிரீஸ் டப்பாவும் இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிரீஸில் தூசி ஒட்டியதை, எண் பாதியாகிப்போனதை, போனில் நான் சொன்னது பொய்யான எண் என்பதை. அவள் ஒரு துணியால் ஜாக்கியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"அப்ப, அவரு போறப்பவே காத்து அவ்ளோ இருந்துச்சா?"

"ஆமாக்கா. பெரிய காத்து."

"நான் கேட்டேன். சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வேணாம்னு சொன்னேன்." துணியை உதறி மடித்தாள். பிறகு, "அது கத்துதுன்னு சொன்னதும் நான்தான," என்றாள்.

"அக்கா, அதுக்கும் இதுக்கும்..."

"சும்மா இரு. நான்தான சொன்னேன், எதாவது பண்ணு, இல்ல கழட்டிட்டுப் போன்னு. கழட்டிட்டுப் போயிருந்தா மெஷினே இல்ல. அவரு காதால கேட்டுட்டு வூட்டுலயே உக்காந்திருப்பாரு."

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. ஜாக்கியைக் கீழே வைத்தாள்.

"உங்க மேடம் இத எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"என்னன்னு?"

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருக்கலாம். "மாத்தச் சொல்லு," என்றாள். "எம்பொண்ணுங்க ரெண்டும் படிக்குதுங்க. நாளைக்கு வளந்து, அப்பா எப்படிச் செத்தாருன்னு தேடிப் பாக்கும். அவரு கையாலயே அவரு சாவ வச்சுக்கிட்டாருன்னு அதுங்க படிக்கக் கூடாது. நீ வச்சதா இருக்கட்டும்."

"சரிக்கா."

"ஊர்லயும் அப்படியே சொல்லு. என்னைக் கேட்டாலும் நான் அதான் சொல்லுவேன்."

"சரிக்கா."

"சாப்ட்டுப் போ," என்றாள். உள்ளே போய்ச் சோறு போட்டாள். குழம்பும் ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை என் பக்கம் திரும்பவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். அந்த வரியை மாற்ற வேண்டும் என்றேன். பதிவை அப்படியெல்லாம் மாற்ற முடியாது, எது உண்மை என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

"ரெண்டு பேரும் சேந்துதாங்க வச்சோம். அவருக்கு வைக்கக் கூடாதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும். கருவிக்குப் பொறுப்பு யாருங்க மேடம்?"

"நீங்க."

"அதத்தாங்க எழுதணும்."

எழுதினார். பராமரிப்பாளர் விதிக்கு மாறாகக் கிரீஸ் பூசினார், அந்த நாளின் அளவுகள் செல்லாது. கோப்பில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஊரிலும் சொன்னேன். சிலர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். டீக்கடைக்காரர் டீயைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் அதைக் குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.

கம்பத்தைக் கழற்றிவிடுகிறேன் என்று அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை. அந்தப் பக்கம் தூசி அதிகம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரிங்கை மாற்றுவது என்று மேடம் புது விதி போட்டார். நான் போவேன், மாடி ஏறுவேன், மாற்றுவேன், வந்துவிடுவேன். அக்கா சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதும் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று செய்தி வந்தது. கரைக்கு வர இன்னும் நாலு நாள் ஆகும். நான் மீன்சுருட்டிக் கம்பத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்காவின் எண். எடுத்துக் காதில் வைத்தேன். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. மாடியில் நிற்கிறாள் என்று புரிந்தது.

"அக்கா?"

"கேக்குதா?" என்றாள்.

போனை உயரத் தூக்கிப் பிடித்திருப்பாள் போல. கீச்சு, கீச்சு, என்று மெல்லியதாக வந்தது.

"கேக்குதுக்கா."

"கத்துதுடா தம்பி. வந்து மாத்திட்டுப் போ."

பையில் புது பேரிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பைக்கை எடுத்தேன்.